கையில் காசில்லாதவரின் நாய்க்கும் பூனைக்கும் மருத்துவம்: நெல்லைச் சீமைக்கான வழிகாட்டி

ஊர்வழக்கில் மாட்டாஸ்பத்திரி எனப்படும் அரசு கால்நடை மருந்தகத்தில் நாய்க்கும் பூனைக்கும்கூடச் சிகிச்சை உண்டு என்பதை நம் பகுதியில் பலர் அறியாமலேயே இருக்கிறார்கள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்ணும், களக்காட்டில் வாழைத்தோட்டத்துக்குக் காவல் இருப்பவரும், திருநெல்வேலிச் சந்திப்பில் கடைகள் அடைத்தபின் படிக்கட்டில் படுத்துறங்கும் முதியவரும், தம்மிடம் ஒட்டிக்கொண்ட உயிருக்கு நோய் வந்தால் முதலில் நினைப்பது தனியார் மருத்துவமனையின் கட்டணத்தை. அது கட்டுப்படியாகாது என்றதும் அடுத்து நினைப்பது தலைவிதியை. இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழிகளை, அவை எங்கே தொடங்கி எங்கே முட்டி நிற்கின்றன என்பதோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பவர் பெரும்பாலும் அந்த உரிமையாளராக இருக்கமாட்டார், அவருக்கு உதவ நினைக்கும் தெருக்காரராகவோ கடைக்காரராகவோ கல்லூரி மாணவராகவோ இருப்பார். ஆகவே உடன் செல்பவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மருத்துவர் பார்ப்பதற்கான கட்டணம் இந்த முழு விவகாரத்தில் ஆகச் சிறிய தடை. ஏழையின் நாய் மருத்துவம் கிடைக்காமல் சாவதற்குக் காரணங்கள் வேறு: கொண்டுபோக வண்டி அமையாது, போனால் அரை நாள் கூலி போய்விடும், வெளியில் வாங்கும்படி எழுதிக்கொடுத்த மருந்துக்குப் பணம் இருக்காது, தொடர்ந்து சில நாள் ஊசி போட வரச் சொன்னால் வர இயலாது. உதவ நினைப்பவர் தம் பணத்தையும் நேரத்தையும் இந்த நான்கிலும்தான் செலவிட வேண்டும். ஆத்திரத்தில் ஒரே நாளில் தனியார் மருத்துவமனையில் பெருந்தொகை கட்டிவிட்டு, மறுநாள் ஊசிக்கு ஆளில்லாமல் விட்டுவிடுவதால் யாருக்கும் பயன் இல்லை.

எங்கே செல்வது

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறையின் கீழ் ஒவ்வொரு வட்டாரத்திலும் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் கால்நடை உதவி மருத்துவர் பணியில் இருப்பார். சிற்றூர்களில் இருக்கும் கிளை நிலையங்களில் பெரும்பாலும் கால்நடை ஆய்வாளரே இருப்பார், ஆகவே நாய்க்கும் பூனைக்கும் மருத்துவர் உள்ள மருந்தகத்தையே நாடுவது நல்லது. அதற்கு மேல்நிலையில் கால்நடை மருத்துவமனைகளும், பெரிய ஊர்களில் பன்முக மருத்துவமனையும் உண்டு. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபின் சங்கரன்கோவில், ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கத்து மருந்தகங்கள் தென்காசி நிர்வாகத்துக்குள் போய்விட்டன. சிகிச்சைக்கு இந்த எல்லை ஒரு பொருட்டன்று என்றாலும், மனுக் கொடுக்கும்போதும் முகாம் கேட்கும்போதும் எந்த மாவட்டத்து இணை இயக்குநர் அலுவலகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மருந்தகத்தில் என்னென்ன நடக்கும் என்பதை அறிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும். புண்ணைச் சுத்தம் செய்து மருந்திடுவது, புழு எடுப்பது, குடற்புழு நீக்கம், காய்ச்சலுக்கும் தொற்றுக்கும் ஊசி, சொறிக்கு மருந்து, நீர்ச்சத்து குறைந்த நாய்க்குக் குளுக்கோஸ் ஏற்றுவது ஆகியவை அங்கேயே முடியும். எலும்பு முறிவு, சிக்கலான பிரசவம், வயிற்று அறுவை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மேல்நிலைக்கு அனுப்புவார்கள்.

அந்த மேல்நிலை நெல்லைக்கு அருகிலேயே இருப்பது இந்தச் சீமையின் கொடுப்பினை. நகருக்கு வடக்கே இராமையன்பட்டியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் 2012 முதல் இயங்கி வருகின்றன. அங்குள்ள சிகிச்சை வளாகத்தில் செல்லப் பிராணிகளுக்குத் தனியாகப் புறநோயாளிப் பிரிவு உண்டு. இது முற்றிலும் இலவசம் அன்று. பதிவுக்கும் பரிசோதனைகளுக்கும் கட்டணம் வாங்குவார்கள். ஆனால் வெளியில் ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் அது குறைவு. கற்பிக்கும் மருத்துவமனை என்பதால் பயிற்சி மாணவர்கள் முதலில் விசாரிப்பார்கள், பிறகு பேராசிரியர் வருவார், ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பார்கள். நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் வேறெங்கும் கிடைக்காத கவனமும் கிடைக்கிறது என்பதால், அவசரப்படாமல் ஒரு முழுக் காலையை இதற்கென ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். உரிமையாளர் வீடற்றவர் என்றால் அதைப் பதிவின்போதே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது. எந்தப் பரிசோதனை இன்றியமையாதது, எதைத் தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் முடிவு செய்வதற்கு அந்தத் தகவல் உதவும்.

1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். இது முதன்மையாகக் கிராமத்துக் கறவை மாட்டுக்கும் ஆட்டுக்குமாக ஏற்பட்ட சேவை; நாய்க்கென்று அழைத்தால் வருவார்களா என்பது அன்றைய வேலைப்பளுவைப் பொறுத்தது. ஆனாலும் அழைத்துக் கேட்பதில் தவறில்லை. நாங்குநேரி, இராதாபுரம் போன்ற பகுதிகளில் வண்டி ஏற்கெனவே பக்கத்து ஊருக்கு வரும் நாளைத் தெரிந்துகொண்டு, அங்கே நாயை நடத்திக்கொண்டு போய் நிற்பது இன்னும் கைகூடும் வழி.

புறப்படும் முன்

ஷேர் ஆட்டோவில் நாயை ஏற்றமாட்டார்கள். பேருந்தில் நடத்துநரின் மனநிலையைப் பொறுத்தது. பூனையும் குட்டியும் என்றால் மூடியிட்ட மூங்கில் கூடையோ காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடையோ போதும். சாக்கில் கட்டிக் கொண்டுபோனால் வெயிலில் மூச்சுத் திணறிவிடும். வளர்ந்த நாய்க்குச் சந்தையிலிருந்து காலியாகத் திரும்பும் லோடு ஆட்டோ ஏற்றது; ஓட்டுநரிடம் முதல் நாளே பேசி, தரையில் விரிக்கச் சாக்கும் தண்ணீரும் எடுத்துக்கொண்டால் தயங்காமல் ஏற்றுவார். சித்திரை, வைகாசி வெயிலில் விடிந்ததும் புறப்பட்டுவிட வேண்டும். நோயுற்ற நாயை அக்கினி நட்சத்திரத்து நண்பகலில் கொண்டுபோனால், வழியிலேயே வேறொரு நோயும் சேர்ந்துகொள்ளும்.

எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். இரண்டு விரல் அகலமுள்ள பருத்தித் துணியை மூக்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்கு அடியில் குறுக்காக மாற்றி, காதுக்குப் பின்னால் முடிச்சிட்டால் அதுவே வாய்க்கட்டு. வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சு வாங்கும் நாய்க்கும், வெயிலால் துவண்ட நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது. கட்டுகிறவர் உரிமையாளராகவே இருக்கட்டும். அந்த நாய் உலகில் நம்பும் ஒரே கை அவருடையது.

புறநோயாளிப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர், ஊர், கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதுவார்கள். முகவரி இல்லாதவர் தாம் வழக்கமாகத் தங்கும் இடத்தை, அதாவது இன்ன கோயில் வாசல், இன்ன பேருந்து நிறுத்தம் என்று சொன்னால் போதும். எண்ணுக்கு உடன் செல்பவர் தம் எண்ணைக் கொடுக்கலாம். ஆனால் உரிமையாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் உதவுகிறவர் தம் பெயரை எழுதிவிடக் கூடாது. பின்னால் நாய் யாருடையது என்ற கேள்வி எழுந்தால் அந்தச் சீட்டு ஒன்றுதான் அவர் கையில் இருக்கும் சான்று. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவரிடமே கொடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் குடும்ப அட்டையையும் ஆதாரையும் இழந்தவர்கள் ஏராளம். ஆகவே சீட்டைக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மருத்துவர் முன்னால்

எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தியும் கழிச்சலும் எத்தனை முறை, அவற்றின் நிறம் என்ன, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, யாராவது ஏதாவது மருந்து கொடுத்தார்களா, தடுப்பூசி போட்டதா, பெண் என்றால் சினையா என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கூச்சத்தால் உரிமையாளர் மறைக்கக்கூடியது நாட்டு வைத்தியத்தை. அதை மறைத்தால் மருந்து மாறிப்போகும். விஷம் தின்றிருக்கலாம் என்று ஐயமிருந்தால் எலி மருந்தின் உறையைக் கையோடு கொண்டுபோங்கள்.

மருந்து வெளியில் வாங்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால், வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதித் தரும்படி கேளுங்கள். டாக்சிசைக்ளின், அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் போன்றவை மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவான மருந்துகள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் இவற்றின் மலிவான வடிவங்களைக் கேட்டுப் பார்க்கலாம். அளவை மட்டும் மருத்துவர் எடைக்கேற்பச் சொன்னபடியே கொடுக்க வேண்டும். மாத்திரையைத் தெருவில் வாழ்கிறவர் எங்கே வைப்பார், எந்த நேரத்தில் கொடுப்பார் என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். மூன்று வேளை மருந்தை ஒரு வேளையாக மாற்ற முடியுமா, மாத்திரைக்குப் பதில் ஊசியாக முடியுமா என்று கேட்டால், முடிகிற இடத்தில் மருத்துவரே மாற்றித் தருவார். வாங்கித் தரும் பணத்தைக் கையில் கொடுப்பதைவிட மருந்துக்கடையில் நேராகக் கட்டிவிடுவது எளிது. இது அவநம்பிக்கையால் சொல்வதன்று. பசித்திருப்பவர் கையில் காசைக் கொடுத்து இதை மருந்துக்குத்தான் செலவிட வேண்டும் என்று சொல்வது அவருக்கு நாம் இழைக்கும் சங்கடம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-இன்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே சிகிச்சை அளிக்கலாம். குறைந்த காசுக்கு வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறேன் என்பவரிடம் பதிவைக் கேளுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி

இதை மட்டுமாவது செய்துவிடுங்கள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் வெறிநோய்த் தடுப்பூசியையே சொல்வேன். அறிகுறி தோன்றிவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் இந்நோயில் மீட்சி இல்லை. தோன்றும் முன் தடுப்பதோ மிக எளிது. மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுக்கொரு முறை. தெருவில் நாயோடு ஒரே சாக்கில் உறங்குகிறவருக்கு இது நாய்க்கான மருத்துவம் மட்டுமன்று. அவருக்கான காப்பும் ஆகும். நாயைக் காரணங்காட்டி அவரை அந்த இடத்தைவிட்டு விரட்ட வருகிறவர்களுக்குக் காட்டவும் அந்தத் தடுப்பூசிச் சீட்டு பயன்படும்.

இலவசமாகப் போடும் நாட்கள் ஆண்டில் இருமுறை வருகின்றன. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் நாள். 1885-இல் அதே நாளில்தான் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போடத் தொடங்கினார். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அது பாஸ்டர் மறைந்த தேதி. இவ்விரு நாட்களையும் ஒட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகளிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம். நாட்காட்டி இல்லாதவரிடம் தேதியைச் சொல்லிப் பயனில்லை. "ஆச்சி, நெல்லையப்பர் ஆனித் தேரு வரும்லா, அந்தச் சமயத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னால் அவர் மறக்கமாட்டார். ஜூலை 6 ஆனி மாதத்தில் வருகிறது, செப்டம்பர் 28 புரட்டாசியில் வருகிறது. நெல்லைக்காரருக்கு இவ்வளவு போதும்.

முகாம் வரும்வரை காத்திருக்க முடியாமல் கடையில் ஊசி வாங்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போவதாயின், அது 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய பொருள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பனிக்கட்டியோடு வாங்கி, வழியில் எங்கும் நிற்காமல் நேராகப் போய்ப் போட்டுவிடுங்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப்போன ஊசியைப் போட்டும் போடாததற்குச் சமம்.

நாய் யாரையேனும் கடித்துவிட்டால், கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிப்பது முறை. அதற்காகக் கடிபட்டவர் ஊசி தொடங்குவதைத் தள்ளிப்போடக் கூடாது.

சீக்கிரம் போனால் செலவு குறையும் நோய்கள்

தெருவில் வாழும் நாய்களுக்கு வரும் நோய்களில் பல, முதல் நாளில் இலவசமாகத் தீரக்கூடியவை, பத்தாம் நாளில் உயிரைக் கேட்பவை. புழு வைத்த புண் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காதிலோ கழுத்திலோ சிறு கடிக்காயம் பட்ட மறுநாளே ஈ முட்டையிடும். சில நாட்களில் புழு உள்ளே துளைத்துக்கொண்டு போகும். நாற்றம் வருகிறது, நாய் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் அன்றே மருந்தகத்துக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஃபினாயிலும் ஊற்றினால் புழு வெளியே வரும் என்பது உண்மையே. கூடவே தோலும் வெந்துபோகும், நக்கினால் குடலும் கெடும். புழு எடுத்தபின் இரண்டு மூன்று நாள் மறுபடி காட்ட வேண்டும், ஏனெனில் உள்ளே ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்.

பலர் வெட்கப்பட்டு வாய்விட்டுச் சொல்லாத நோய் ஒன்று உண்டு. நாயின் பிறப்புறுப்பிலிருந்து விட்டுவிட்டு இரத்தம் சொட்டும். பூக்கோசு போன்ற சதை வெளியே தெரியும். இது நாய்க்கு நாய் இணைசேரும்போது பரவும் புற்றுக்கட்டி. பெண் நாய் என்றால் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். புற்று என்ற சொல்லைக் கேட்டதும் உரிமையாளர் நாயைக் கைகழுவிவிடக் கூடாது; வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒரு முறையாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுமையாகக் குணமடைகின்றன. மருந்தும் மற்றப் புற்று மருந்துகளைப்போல எட்டாத விலையில் இல்லை. இங்கே உதவுகிறவரின் பணி பணம் அன்று, வாரந்தோறும் அதே கிழமையில் தவறாமல் வந்து நிற்பது. ஊசி போட்ட சில நாட்களுக்கு அந்த நாயின் சிறுநீரையும் மலத்தையும் வெறுங்கையால் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

குட்டிகளைக் கொல்வது பார்வோ என்ற வைரஸ் நோய். வாந்தி, இரத்தம் கலந்த நாற்றமான கழிச்சல், ஓரிரு நாளில் துவண்டு விழுதல். வாய்வழி எதையும் திணிக்காமல், உடனே குளுக்கோஸ் ஏற்றக் கொண்டுபோனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. இறந்த குட்டி கிடந்த இடத்தில் அக்கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயில் அதை அழிக்காது, பிளீச்சிங் பவுடர் கரைசல் அழிக்கும். அதே திண்ணைக்கு அடுத்த குட்டியைக் கொண்டுவரும் முன் இதைச் செய்யாமல், ராசியில்லாத வீடு என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்வோ தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்குவது. அரசு மருந்தகத்தில் இது பெரும்பாலும் இருப்பில் இராது, வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். உதவித்தொகை ஏதேனும் கையில் இருந்தால் அதைச் செலவிட ஏற்ற இடம் இது.

உண்ணி மிகுந்த நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உரிய நேரத்தில் தொடங்கும் டாக்சிசைக்ளின் பல நாய்களைக் காப்பாற்றுகிறது, ஆனால் வாரக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும். சொறிக்குப் பழைய இஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். நாய் அதை நக்கி நஞ்சாகிறது. மழைக்காலத்தில் ஆற்றங்கரையில் தங்குகிறவர்களுக்கும் அவர்களின் நாய்க்கும் எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் பொதுவான ஆபத்து. நாய்க்குக் கண் மஞ்சளாகி, கூடவே அவருக்கும் காய்ச்சல் இருந்தால் இருவரையும் அன்றே இரண்டு ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் செல்லுங்கள். பாம்புக்கடி என்றால் நச்சுமுறி மருந்து வேண்டும், அது எல்லா மருந்தகத்திலும் இராது. அலையாமல் நேராக இராமையன்பட்டிக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவது மேல்.

வீட்டில் இருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். நாய் உண்ணிக்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு. வெயிலில் துவண்ட நாயின்மேல் பனிக்கட்டி நீரை ஊற்றாமல் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறி, நிழலில் வைத்தபடி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கருத்தடையும் நாய்ப்பிடி வண்டியும்

2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போடுவது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அதற்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. வீடற்றவரின் நாய்க்கு இதில் ஒரு வாய்ப்பும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில் முன்கூட்டியே பேசி, இந்த நாய்க்குச் செய்துதாருங்கள், முடிந்ததும் இன்ன இடத்தில் இன்னாரிடம் ஒப்படையுங்கள் என்று கேட்டால் செலவின்றி முடிய வாய்ப்புண்டு. பேசாமல் விட்டால், கழுத்தில் பட்டையில்லாத நாயை ஆளில்லாத தெருநாய் என்று கருதி ஒருநாள் வண்டி ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே பெல்ட் வாங்கிக் கொடுப்பது மருந்துக்கு நிகரான உதவி. பெல்ட்டின் உட்புறத்தில் அழியாத மையில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். வண்டி நாயைக் கொண்டுபோய்விட்டது என்று தெரிந்தால் அன்றே தேதி, இடம், நாயின் நிறம், படம், தடுப்பூசிச் சீட்டு ஆகியவற்றோடு மண்டல அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். நெல்லை மாநகராட்சிக்குத் தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என நான்கு மண்டலங்கள் உள்ளன.

அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை மருத்துவரிடம் கேட்டு அப்படியே செய்ய வேண்டும். கடினம் அதன் பிறகுதான்: பெண் நாய்க்குத் தையல் ஆறும்வரை ஒரு வாரம் முதல் பத்து நாள் ஈரமும் மண்ணும் படாத இடம் வேண்டும். தெருவில் அது கிடைக்காது. யாராவது ஒருவர் மாட்டுத் தொழுவத்திலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ உரிமையாளரும் வந்து பார்க்கும்படி இடம் தந்தால் ஒழிய நாள் குறிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டாயம் வேண்டாம்.

பல பேருக்குச் சேர்த்துச் செய்வதானால்

ஒரு தெருவிலோ குடியிருப்பிலோ இப்படிப் பத்துப் பதினைந்து விலங்குகள் இருந்தால், தனித்தனியே அலைவதைவிட முகாம் கேட்பதே சரி. கால்நடை பராமரிப்புத் துறை ஊராட்சிகளில் கால்நடைச் சுகாதார விழிப்புணர்வு முகாம்கள் நடத்துகிறது. நகரத்துக் குடியிருப்பு என்றால் அத்துறையின் மண்டல இணை இயக்குநருக்கு எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். விலங்குகள் வதைத்தடுப்புச் சங்கத்தின் மாவட்டப் பொறுப்பும் ஆட்சியரிடமே இருப்பதால் அது தவறான வாசல் அன்று. மனுவில் விலங்குகளின் எண்ணிக்கை, வகை, தெருப்பெயர், பொறுப்பாளர் எண் ஆகியவை இருக்கட்டும். இரக்கத்தைப் பற்றிய பத்திகள் வேண்டாம்.

உலகில் இதை முறையாகச் செய்தவர்களிடம் கற்க ஒன்று உண்டு. 1917-இல் இலண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் மரியா டிக்கின் ஏழைகளின் விலங்குகளுக்கென ஒரு நிலவறையில் இலவச மருந்தகம் திறந்தார். அது பின்னாளில் பிடிஎஸ்ஏ என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அமெரிக்காவில் கொலராடோவில் 2015-இல் தொடங்கிய ஸ்ட்ரீட் டாக் கோயலிஷன் என்ற அமைப்பு, வீடற்றவர்கள் இருக்கும் இடத்துக்கே போய் நாய்க்குச் சிகிச்சை அளிப்பதோடு, அதே இடத்தில் அந்த மனிதருக்கும் மருத்துவம் கிடைக்க வழிசெய்கிறது. தமக்காக ஆஸ்பத்திரிக்கு வராதவர் நாய்க்காக வருவார் என்பதே அதன் சூட்சுமம். நம் முகாமிலும் அந்த வட்டாரத்துச் சுகாதாரச் செவிலியரை இரத்த அழுத்தக் கருவியோடு ஒரு மேசை போட்டு உட்காரச் சொன்னால் கூடுதல் செலவில்லை. மரநிழல், தண்ணீர்த் தொட்டி, தனித்தனியே கட்ட இடம், பூனைகளுக்கு அடைத்த ஓர் அறை, காலை ஏழு மணித் தொடக்கம் ஆகியவை இருந்தால் முகாம் ஒழுங்காக நடக்கும். படமெடுத்துப் பகிர்வதற்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும்; முகம் காட்டுவதற்குக் கூலியாக மருத்துவம் தருவதுபோல் ஆகிவிடக் கூடாது.

நாயை வைத்துக்கொள்ள வக்கில்லாதவருக்கு நாய் எதற்கு என்று முகாமில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அந்த நாயைப் பிடுங்கி வசதியான வீட்டில் கொடுத்துவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு வருகிறவர்களும் உண்டு. உரிமையாளர் கேட்காதவரை அது பற்றிப் பேசக் கூடாது என்பதைத் தொண்டர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்.

உரிமையாளர் மருத்துவமனையில் சேர நேர்ந்தால்

நாயை யாரிடம் விடுவது என்பதற்காகவே ஹைகிரவுண்ட் மருத்துவமனையில் சேராமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. வீடற்றோர் தங்கும் விடுதியில் இடம் கிடைத்தும் மறுப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இதற்கு நோய் வரும் முன்பே பேசி வைக்க வேண்டும். "அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவனை யாரு பாத்துக்கிடணும்?" என்று நேராகக் கேட்டு, அவர் சொல்லும் ஆளிடமே ஒப்புதல் பெறுங்கள், அவர் சொல்வது பெரும்பாலும் டீக்கடைக்காரராகவோ பூக்காரம்மாவாகவோ இருக்கும். அவர்களிடம் நாயின் உணவுக்குச் சிறு தொகையும், தடுப்பூசிச் சீட்டின் நகலும், மருந்து ஏதேனும் இருந்தால் எந்த வேளைக்கு எது என்று எழுதிய தாளும் கொடுத்துவைக்க வேண்டும். எத்தனை நாள் பார்ப்பது, அதற்கு மேல் போனால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வார்டில் இருப்பவருக்கு இரண்டு நாளைக்கொரு முறை நாயின் படத்தைச் செவிலியரின் அனுமதியோடு காட்டுங்கள். வெளியேறும் நாள் தெரிந்ததும் நாயைக் குளிப்பாட்டி, உண்ணி பார்த்து, அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, பார்த்துக்கொண்டவருக்கு மீதிக் கணக்கை அங்கேயே தீர்த்துவிடுங்கள்.